ஐந்தரை பஸ்ஸில் போன இரண்டு கவர்கள்

எங்கள் காலத்தில் செய்தி பஸ்ஸில்தான் போகும். இப்போது நிருபர்களாக இருக்கும் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். போன மாதம் எங்கள் ஊர்க் கல்லூரியில் ஒரு விழா. மேடையில் பேசியவர் பேசி முடித்து உட்காருவதற்குள் ஒரு இளவட்ட நிருபர் செல்போனிலேயே படத்தோடு செய்தியை அனுப்பிவிட்டு, பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்த என்னிடம், "ஒங்க காலத்துல இது மதுரைக்குப் போய்ச் சேர எம்புட்டு நேரம் ஆகும் அண்ணாச்சி?" என்று கேட்டார்.

"அது டிரைவரப் பொறுத்து" என்றேன்.

கேலி செய்கிறேன் என்று நினைத்துவிட்டார். கேலி இல்லை தம்பி. அன்றைக்கு விளக்கமாகச் சொல்ல நேரமில்லை. இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன், படித்துக்கொள்ளும்.

நான் ராஜபாளையத்தில் ஒரு மதுரை நாளிதழுக்கு நிருபராக இருந்தவன். ஸ்ரீவில்லிபுத்தூரும் என் எல்லைதான். வேலை கற்ற கதையை நீட்டப் போவதில்லை. எழுதக் கற்றது சில வாரங்களில், திட்டு வாங்கிப் பழகியது சில வருஷங்களில், அவ்வளவுதான். மில் வாசல் கூட்டம், ஆலங்குளம் சிமென்ட் ஆலை, சுந்தரபாண்டியத்தில் கண்மாய்த் தகராறு, ஆண்டாள் கோயில் தேர் என்று சைக்கிளிலும் பஸ்ஸிலும் அலைந்திருக்கிறேன். ஆனாலும் காலையில் எழுந்ததும் கால் தானாகப் போகிற இடம் கல்லூரிதான்.

கல்லூரி ஊருக்குத் தெற்கே, சேத்தூர் வழியாகத் தென்காசி போகிற ரோட்டில் இருந்தது. உள்ளே நுழைந்தால் செய்திக்குப் பஞ்சமே கிடையாது. விடுதியில் சாம்பார் தண்ணீராக இருக்கிறதென்று தட்டுகளைக் கவிழ்த்து வைத்துவிட்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிடுவார்கள். அது ஒரு செய்தி. மறுநாள் சாம்பாரில் முருங்கைக்காய் தலைகாட்டும். அதுவும் செய்திதான். ஸ்ரீவில்லிபுத்தூர்க் கல்லூரியோடு கூடைப்பந்து நடந்தால் அன்று சாயங்காலம் இரண்டு ஊர்க்காரர்களும் சம்பந்தி வீட்டார் மாதிரி முறைத்துக்கொண்டு நிற்பார்கள். தமிழ் மன்றத்தில் ஒருவன் மைக்கைப் பிடித்தால் மின்சாரம் போனால்தான் விடுவான். இவற்றையெல்லாம் எழுதி அனுப்ப எனக்கு அலுத்ததே இல்லை. நான் அந்தக் கல்லூரியில் பாதியில் படிப்பை விட்டவன். அதனால்தானோ என்னவோ, அதன் வாசலை மிதித்தாலே எனக்கு உற்சாகம் வந்துவிடும்.

செய்தியை எப்படி அனுப்புவோம் என்று சொல்ல வேண்டும். தாளின் ஒரு பக்கத்தில் மட்டும், நிறைய இடம் விட்டு எழுத வேண்டும். அதை நீளமான பழுப்புக் கவரில் போட்டு, சிவப்பு மையில் 'செய்தி, அவசரம்' என்று எழுதி, ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் மதுரை போகும் பஸ் கண்டக்டரிடம் கொடுப்போம். மதுரை பஸ் ஸ்டாண்டில் எங்கள் அலுவலக ஆள் ஒருவர் சைக்கிளோடு நின்று வாங்கிக்கொள்வார். எங்கள் பதிப்புக்குத் தோதான கடைசி வண்டி, சாயங்காலம் ஐந்தரைக்கு எங்கள் ஊரில் எடுக்கும் தென்காசி–மதுரை பஸ். அதைத் தவறவிட்டால் செய்தி மறுநாள் பழையதாகிவிடும். டிரங்க் கால் போடலாமே என்பீர்கள். லைன் கிடைத்தால்தானே.

கவரை வாங்கிப் பிரிக்கிறவர் செய்தி ஆசிரியர் சுந்தரேசன் சார். ஒல்லியான மனிதர். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதே இல்லை. போனை எடுத்தால் "சொல்லும்" என்பார். நாம் சொல்லி முடித்ததும் வைத்துவிடுவார். நடுவில் ஒரே ஒரு கேள்வி வரும், அது நாம் எதை விசாரிக்கவில்லையோ அதைப் பற்றியதாக இருக்கும். 'திரளான மாணவர்கள் கலந்துகொண்டனர்' என்று ஒருமுறை எழுதிவிட்டேன். "ஓய், திரள்னா எத்தனை பேர்? வாசல் வரைக்கும் நின்னாங்களா, மரத்தடியோட முடிஞ்சிருச்சா?" என்று கேட்டார். அந்தச் சொல்லை அவர் சிவப்புப் பென்சிலால் அடித்த சத்தம் போனிலேயே எனக்குக் கேட்ட மாதிரி இருந்தது.

அவர் போட்ட விதி ஒன்று உண்டு. பஸ் நேரத்துக்காக, நடக்கப்போவதை முன்கூட்டியே எழுதி அனுப்புவது அந்தக் காலத்தில் எல்லா நிருபர்களுக்கும் பழக்கம். ஒரு பட்டமளிப்பு விழாவுக்கு வரவேண்டிய சிறப்பு விருந்தினர் வழியில் கல்லுப்பட்டியில் கார் நின்றுபோய் அங்கேயே டீ குடித்துக்கொண்டிருந்தார். மறுநாள் வேறொரு பேப்பரில் அவர் ராஜபாளையத்தில் ஆற்றிய எழுச்சி உரை அரைப் பக்கத்துக்கு வந்திருந்தது. ஊரே சிரித்தது. அன்றைக்கே சுந்தரேசன் சார் என்னைக் கூப்பிட்டார்.

"முன்னாடி எழுதும், வேண்டாங்கலை. போட்டின்னா ரெண்டு பக்கத்துக்கும் தனித்தனியா எழுதி ரெண்டு கவரா அனுப்பும். ஆனா நடக்காத கவர் என் மேஜைக்கு வரக்கூடாது. வழியிலேயே கிழிஞ்சாகணும்" என்றார்.

அதற்கு ஓர் ஏற்பாடு செய்தோம். போட்டியிடும் இருவருக்கும் ஆளுக்கொரு கவர். மேலே பெயர். இரண்டையும் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்பிவிட்டு, முடிவு தெரிந்ததும் ஸ்ரீவில்லிபுத்தூர் ஏஜென்ட் ராமானுஜத்துக்கு நான் போன் செய்வேன். அவர் கடை பஸ் ஸ்டாண்டை ஒட்டியே இருந்தது. பஸ் அங்கே வந்து நின்றதும் அவர் போய்ச் சொல்ல, தோற்ற கவரைக் கண்டக்டர் கிழித்துவிடுவார். எத்தனையோ விளையாட்டுப் போட்டிகளும் தேர்தல்களும் இப்படியே பிசகில்லாமல் போயிருக்கின்றன.

ஐந்தரை பஸ் கண்டக்டர் வேலுச்சாமி. சேத்தூர்க்காரர். கவர் வாங்கிப் போவதற்குக் கைமாறாக ஒரு டீகூடக் குடிக்க மாட்டார். விதி என்றால் விதிதான் அவருக்கு. ஸ்டாப் இல்லாத இடத்தில் சொந்த மச்சான் கை காட்டினாலும் பஸ் நிற்காது. மச்சான் ஒரு வருஷம் பேசவில்லை என்று டிப்போவில் சொல்லிச் சிரிப்பார்கள்.

எண்பதுகளின் நடுவில் ஓர் ஆடி மாதம். கல்லூரியில் மாணவர் பேரவைத் தலைவர் தேர்தல். அதுவரை பையன்கள் மட்டும் நின்ற பதவிக்கு அந்த வருஷம் ஒரு பெண் நின்றாள். பெயர் சண்முகத்தாய். பி.எஸ்ஸி. வேதியியல் கடைசி வருஷம். வேலுச்சாமியின் மகள்.

அவள் கேட்டது ஒன்றே ஒன்று. கல்லூரி வாசலில் பஸ் நிற்க வேண்டும். ரோடு வாசலை உரசிக்கொண்டு போகிறது, ஆனால் அங்கே வெளியூர் பஸ்ஸுக்கு ஸ்டாப் கிடையாது. நிற்பது ஒரு டவுன் பஸ் மட்டும். லேப் முடிவதற்குள் அது போய்விடும், அதன் அடுத்த நடை இருட்டிய பிறகுதான். பையன்கள் லாரியில் தொற்றிக்கொண்டாவது போய்விடுவார்கள், பெண்கள் என்ன செய்வார்கள்? சேத்தூரிலிருந்து வந்துகொண்டிருந்த இரண்டு பெண்களை வீட்டில் அந்த வருஷம் நிறுத்திவிட்டார்கள். இனிப் பெண்பிள்ளைகளுக்கு சயின்ஸ் வேண்டாம் என்று மற்ற வீடுகளிலும் பேச்சு வந்துவிட்டது. சண்முகத்தாயின் தங்கை பிளஸ் டூ முடிக்கப் போகிறாள், அவளும் வேதியியல்தான் படிப்பேன் என்று நிற்கிறாள். பஸ் அதிகாரியைப் பார்க்கப் போகும்போது பேரவைத் தலைவரையும் கூட்டிப் போவதாகப் பிரின்சிபால் சொல்லியிருந்தார். இதுவரை வந்த தலைவர்கள் எல்லாரும் கல்லூரி நாளுக்கு எந்த ஊர்ப் பாட்டுக் கச்சேரி என்பதைத் தவிர வேறெதையும் கேட்டதில்லை.

எதிரே நின்றவன் பிரபாகர், பஞ்சு வியாபாரி வீட்டுப் பையன். மோட்டார் சைக்கிளும் சிரித்த முகமுமாகத் திரிவான். முந்தின வருஷத் தேர்தலில் அடிதடி நடந்திருந்தது. அதனால் பிரின்சிபால் முன்னாலேயே சொல்லிவிட்டார், "இந்தத் தடவை ஒரு கல்லு விழுந்தாலும் பேரவையே கிடையாது. எலெக்‌ஷனை ரத்து பண்ணிருவேன்."

ஓட்டு எண்ணிக்கை இழுத்துக்கொண்டே போனது. நான் இரண்டு கவர்களையும் எடுத்துக்கொண்டு சைக்கிளை மிதித்து பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். வேலுச்சாமி கவர்களை வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, மேலே இருந்த பெயர்களைப் படித்தார்.

"எண்ணி முடியலையோ அண்ணாச்சி?"

"இன்னும் செத்த நேரம் ஆகும். ராமானுஜம் வந்து சொல்லுவாரு. தோத்த கவரக் கிழிச்சிருங்க."

"வாரப்ப காலேஜ் வாசல்ல ஒரே கூட்டம். எட்டிப் பாத்தேன், ஒண்ணும் தெரியல."

"நிறுத்தி ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா?"

"அங்க ஸ்டாப் இல்லையே" என்றார். முகத்தில் சிரிப்பே இல்லை.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அதுக்குத்தான ஒங்க மக நிக்கா."

"ஸ்டாப் வரட்டும், நிறுத்துதேன். டிப்போவுல எல்லாவனும் 'ஒம் மக நம்ம மேலயே பிராது கொடுக்கா'ன்னு சிரிக்கான். வீட்ல அவ அம்மா காலையிலேருந்து பச்சத்தண்ணி குடிக்கல. நான் என்ன செய்ய, ட்யூட்டிக்கு வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு, இரண்டு கவர்களையும் தோள் பைக்குள் வைத்து, பை மூடியிருக்கிறதா என்று இருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார். விசில் ஊதினார். பஸ் நேரத்துக்குக் கிளம்பியது.

நான் கல்லூரிக்குத் திரும்பி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது முடிவைச் சொன்னார்கள். தேர்தல் அதிகாரி பொருளாதாரப் பேராசிரியர். பிரபாகர் சொற்ப ஓட்டில் ஜெயித்ததாக அவர் மைக்கில் சொன்னதுதான் தாமதம், வெடிச் சத்தம் காதைப் பிளந்தது. பிரபாகரைத் தூக்கி மாலை போட்டார்கள். நான் ஆபீஸ் அறைக்கு ஓடி ராமானுஜத்துக்குப் போன் போட்டு, "பிரபாகர். மத்ததக் கிழிக்கச் சொல்லுங்க" என்றேன். "பஸ் இப்பதான் உள்ள வருது, சொல்லிடுதேன்" என்றார். வேலை முடிந்தது, ஒரு டீ குடிக்கலாம் என்று வெளியே வந்தேன்.

அங்கே சண்முகத்தாய் எண்ணும் மேஜைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். அழவில்லை. மேஜை மேல் இருந்த பெட்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், லேப் பெட்டி எங்க சார்?" என்றாள்.

"எந்த லேப் பெட்டிம்மா?"

"எங்களுக்கு இன்னைக்கு பிராக்டிகல். நடுவுல விட்டுட்டு வர முடியாதுன்னு கெமிஸ்ட்ரி லேப்லயே ஒரு பெட்டி வச்சீங்க. நானே அதுலதான் ஓட்டுப் போட்டேன்."

பேராசிரியர் பெட்டிகளைப் பார்த்தார். பெட்டிகளைக் கொண்டுவந்து வைத்தவரைப் பார்த்தார். அவர் லேப் பக்கம் பார்த்தார். கூட்டத்தின் சத்தம் அப்படியே அடங்கிவிட்டது.

நடந்தது இதுதான். லேப் உதவியாளர் பெட்டி பத்திரமாக இருக்கட்டும் என்று தராசு அறைக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறார். பிறகு, டவுன் பஸ் போய்விட்டால் வீடு போய்ச் சேர இருட்டிவிடுமே என்று, யாரிடமும் சொல்லாமல் சாவியோடு ஓடிப்போய் பஸ்ஸைப் பிடித்துவிட்டார். பஸ் இல்லை என்று போட்ட ஓட்டுகள் பஸ்ஸைப் பிடிக்கப் போனவரால் உள்ளே கிடந்தன. இன்றைக்கு நினைத்தால் எனக்குச் சிரிப்பாக வருகிறது. அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

பிரின்சிபால் வந்தார். விடுதிச் சமையல்கட்டிலிருந்து கடப்பாரை வந்தது. பூட்டை உடைத்து, சீல் கலையாமல் இருந்த பெட்டியைத் தானே இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தார். இரண்டு பக்கத்து ஆட்களும் சீலைக் குனிந்து குனிந்து பார்த்து ஒப்புக்கொண்டார்கள். எண்ணினார்கள். ஒரு லேப் அளவு ஓட்டுதான், எண்ணி முடிக்க அதிக நேரம் ஆகவில்லை. ஏறக்குறைய எல்லாமே சண்முகத்தாய்க்கு விழுந்திருந்தன. அவள் ஜெயித்துவிட்டாள்.

பிரபாகர் கட்சிக்காரர்கள் கொதித்துப் போனார்கள். "மொதல்ல மைக்குல சொன்னதுதாம்லே ரிசல்ட்டு" என்று ஒருவன் பெஞ்சின் மேல் ஏறினான். பிரின்சிபால் முகம் சிவந்தது. அந்த நேரத்தில் பிரபாகர் தன் கழுத்திலிருந்த மாலையைக் கழற்றினான். ஒரு நொடி யோசித்தான். பெண்பிள்ளைக்கு மாலை போட முடியாது. நேரே போய் அந்த லேப் பெட்டிக்குப் போட்டான். கூட்டம் சிரித்துவிட்டது. பெஞ்சில் ஏறினவன் இறங்க வழி தெரியாமல் நின்றான்.

எல்லாரும் கை தட்டிக்கொண்டிருக்க எனக்கு மட்டும் அப்போதுதான் நினைவு வந்தது. கவர்.

ஓடிப்போய் ராமானுஜத்துக்குப் போன் போட்டேன்.

"பஸ் கிளம்பிருச்சே ஓய். கவரும் கிழிச்சாச்சு" என்றார். "நான் கிழிக்கட்டுமான்னு கேட்டேன். பெத்தவர் கையால எதுக்குன்னு. 'வேண்டாம் சாமி, எங்கிட்டத் தந்தது, நாந்தான் கிழிக்கணும்'னுட்டார். பொறுமையா நாலா எட்டாக் கிழிச்சார். மொகத்துல ஒண்ணும் காட்டலை. எனக்குத்தான் பாக்க முடியலை."

மதுரைக்கு டிரங்க் கால் கேட்டேன். அன்று ஆடிக்காற்றில் எங்கேயோ கம்பம் சாய்ந்துவிட்டதாம், மதுரை லைன் செத்துக் கிடந்தது. காலையில் பேப்பரில் பிரபாகர் பெயர் வந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். எங்கள் ஊரில் நோட்டீஸ் போர்டை எவன் நம்புவான்? பேப்பரைத் தூக்கிக்கொண்டு வருவான். ராத்திரியோடு ராத்திரியாக ரிசல்ட்டை மாற்றிவிட்டார்கள் என்பான். கல் விழும். பிரின்சிபால் சொன்னதைச் செய்கிற மனிதர். பேரவை போனால் அதோடு சண்முகத்தாய் கேட்ட ஸ்டாப்பும் போய்விடும், அவள் தங்கை படிப்பும் போய்விடும்.

"பஸ் போயிருச்சா அண்ணாச்சி?" என்று பின்னால் ஒரு குரல். பிரபாகர். நான் போனில் கத்தியது முழுவதையும் வாசலில் நின்று கேட்டிருக்கிறான்.

"ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டப் போகுது தம்பி."

"ஆடிப்பூரக் கூட்டம் கிடக்கு, அம்புட்டுச் சுளுவா தாண்டாது. ஏறுங்க" என்று மோட்டார் சைக்கிளை உதைத்தான்.

நான் அவனையே பார்த்தேன். தான் தோற்ற செய்தியை அனுப்ப என்னை ஏற்றிக்கொண்டு போகிறேன் என்கிறான்.

"என்ன பாக்கீங்க? நான் ஜெயிச்சேன்னு பேப்பர்ல வந்தா எங்க ஐயா விடிஞ்சதும் ஊர் பூரா லட்டு கொடுத்திருவாரு. அவருக்கு மில்லு வாசல்லேருந்து கோயில் வாசல் வரைக்கும் கொடுக்கணும். பொறவு இல்லேன்னு தெரிஞ்சா நான் தெருவுல நடக்க முடியுமா? சட்டுனு ஏறுங்க அண்ணாச்சி."

வாசலில் அவன் சித்தப்பா நின்றிருந்தார். எங்கே போகிறாய் என்று அவர்கள் வீட்டில் பேசுகிற தெலுங்கில் அதட்டினார். இவன் பதிலுக்கு ஹாரன் அடித்துவிட்டுப் போனான்.

நான் எத்தனையோ வண்டியில் போயிருக்கிறேன். அப்படி ஒரு போக்கு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ராஜபாளையம் எப்போது வந்தது, எப்போது போனது என்று தெரியாது. ஸ்ரீவில்லிபுத்தூருக்குள் நுழைந்ததும் தேர் பார்க்க முன்கூட்டியே வந்திறங்கிய கூட்டம் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது. ராமானுஜம் கடை வாசலில் நின்று, "இப்பதான் ஓய், இப்பதான் ஊரத் தாண்டித்து" என்று வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு கையைக் கையை ஆட்டினார். ஊரைத் தாண்டி கிருஷ்ணன்கோவில் ரோட்டில் ஏறியதும் தூரத்தில் பஸ்ஸின் பின்பக்கம் தெரிந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தில் பிரபாகரின் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்துவிட்டேன்.

பஸ்ஸை ஒட்டிப் போனோம். நான் இரண்டு கையையும் தூக்கி, "அண்ணாச்சி, நிறுத்துங்க, கவரு, கவரு" என்று கத்தினேன். டிரைவர் என்னைப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பிப் பார்த்தார். வேலுச்சாமி படிக்கட்டுக்கு வந்து எட்டிப் பார்த்தார். காற்றில் நான் சொன்னது எதுவும் அவர் காதில் ஏறவில்லை.

"இங்க ஸ்டாப் இல்ல அண்ணாச்சி" என்றார். "கிருஷ்ணன்கோவில்ல நிக்கும். அங்க வாங்க."

பஸ் போயேவிட்டது. அப்போது நான் வேலுச்சாமியைத் திட்டிய திட்டை எந்தப் பேப்பரும் அச்சடிக்காது. பிரபாகர் சிரித்த சிரிப்பில் வண்டி ரோட்டோரப் பள்ளத்துக்கே போய்த் திரும்பியது.

கிருஷ்ணன்கோவில் ஸ்டாப்பில் பஸ் நின்றது. நான் குதித்து ஓடினேன்.

"தப்பாப் போச்சு அண்ணாச்சி" என்றேன். "லேப்ல ஒரு பெட்டி எண்ணாமக் கிடந்திருக்கு. இப்ப எண்ணியாச்சு. ஜெயிச்சது ஒங்க மக."

வேலுச்சாமி என்னைப் பார்த்தார். டிக்கெட் கட்டை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். "நெசமாவா?" என்றார். பிறகு டிரைவர் பக்கம் திரும்பி, "அண்ணே, செத்த நேரம்" என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து டிரைவர் கேட்டதே இல்லையாம். என்னமோ ஏதோ என்று என்ஜினையே நிறுத்திவிட்டார்.

"ஆனா அந்தக் கவரு கிழிஞ்சு போச்சே. ஒரு தாள் கொடுங்க, பஸ்லயே வாரேன், திரும்ப எழுதணும்" என்று நான் பையைத் துழாவிக்கொண்டிருந்தேன். பதற்றத்தில் எழுதியது ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை.

வேலுச்சாமி காக்கிச் சட்டையின் மேல் பட்டனைக் கழற்றினார். உள்ளே பனியனுக்கும் சட்டைக்கும் நடுவிலிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்துப் பிரித்தார். அதில் என் எழுத்து துண்டு துண்டாகக் கிடந்தது. பழுப்புக் கவரின் துண்டுகள்கூட இருந்தன. ஒன்றையும் அவர் விடவில்லை.

"கிழிக்கச் சொன்னீங்க, கிழிச்சேன்" என்றார். "கீழ போடச் சொல்லலையே."

நான் இரண்டு கையையும் நீட்டி அதை வாங்கிக்கொண்டேன். அவர் பிரபாகரைப் பார்த்து, "இந்தத் தம்பி யாரு?" என்றார்.

"இவருதான் அந்த இன்னொரு கவரு" என்றேன்.

வேலுச்சாமி பையிலிருந்து பிரபாகர் பெயர் போட்ட கவரை எடுத்து அவனிடமே கொடுத்தார். அவன் பிரித்து, ஸ்டாப்பின் விளக்கு வெளிச்சத்தில் நின்றபடியே, தான் ஜெயித்த செய்தியை முழுவதும் படித்தான். "நல்லாத்தான் எழுதிருக்கீங்க அண்ணாச்சி. என் பேச்சுத் திறமையப் பத்தி ரெண்டு வரி இருக்கே" என்றான். பிறகு அவனே கிழித்தான்.

நான் பஸ்ஸில் ஏறிவிட்டேன். கல்லுப்பட்டிக்குப் போய்க்கொண்டிருந்த ஓர் அம்மா தூக்குவாளியைத் திறந்து ஒரு பிடி சோறு கொடுத்தார்கள். என் மடியில் ஓர் அட்டையை வைத்து, சோற்றுப் பருக்கையைத் தேய்த்து, துண்டுகளை ஒவ்வொன்றாக ஒட்டினோம். முன் சீட்டிலிருந்தவர் ஒரு துண்டை எடுத்து, "இந்தா, 'சண்முக' இங்கன இருக்கு, 'தாய்' எங்க?" என்று கேட்டார். தாயைத் தேடிப் பஸ்ஸே குனிந்தது. அது தூக்குவாளி மூடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. வேலுச்சாமி டிக்கெட் போட்டுக்கொண்டே ஒவ்வொரு நடையிலும் வந்து, எதுவும் பேசாமல், ஒட்டினவரைக்கும் படித்துவிட்டுப் போனார். திருமங்கலம் வருவதற்குள் அவருக்கு அது மனப்பாடமாகியிருக்கும்.

சுந்தரேசன் சாரின் மேஜையில் நானே கொண்டுபோய் வைத்தேன். மொறமொறவென்று காய்ந்து கிடந்த அந்தத் தாளை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

"ஓய், இது என்ன, பருக்கையா?"

"ஆமா சார்."

"யார் கிழிச்சது?"

"ஜெயிச்ச பொண்ணோட அப்பா."

"யார் ஒட்டினது?"

"அவர் எடுத்து வச்சிருந்தார் சார். நாங்க ஒட்டினோம்."

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. என் பத்து வருஷ வேலையில் அவர் கேள்வி கேட்காமல் விட்டது அன்று ஒருமுறைதான். சிவப்புப் பென்சிலை எடுத்து, நான் எழுதியிருந்த 'வீராங்கனை'யை அடித்தார். 'அமோக வெற்றி'யில் அமோகத்தை அடித்தார். 'மாணவர் பேரவைத் தலைவராக மாணவி தேர்வு' என்று தலைப்பு எழுதினார். பிறகு ஆளைக் கூப்பிட்டு, "ராஜபாளையம் கட்டு கட்டும்போது மேல ஒரு பேப்பர் தனியா வையும். கண்டக்டர் வேலுச்சாமின்னு பேர் எழுதும்" என்றார். சந்தோஷத்தில் எனக்குத் தலை கால் புரியவில்லை.

காலையில் ஊரில் ஒரு கல்லும் விழவில்லை. பிரபாகர் வீட்டில் லட்டும் இல்லை. சண்முகத்தாய் பிரின்சிபாலோடு பஸ் அதிகாரியைப் பார்க்கப் போனாள். அவர் பார்க்கலாம் என்றார். மறுபடி போனாள், மறுபடி பார்க்கலாம் என்றார். அதற்குப் பிறகு லேப் முடிந்த பெண்கள் எல்லாரையும் சாயங்காலம் அந்த ஆபீஸ் வாசலுக்கே கூட்டிக்கொண்டு போய், "சார், எங்க ஊருக்கு பஸ் இருட்டின பொறவுதான். அதுவரைக்கும் இங்கன இருந்துக்கிடுதோம்" என்று உட்கார வைத்துவிட்டாள். கார்த்திகையில் உத்தரவு வந்தது.

கல்லூரி வாசலில் ஸ்டாப் போர்டு நட்ட முதல் நாள் சாயங்காலம் நான் கேமராவோடு போய்விட்டேன். முதலில் நிற்கப் போவது மதுரையிலிருந்து தென்காசி போகும் பஸ். வழக்கமாக வேலுச்சாமி அந்த வண்டியில் வருகிறவர் இல்லை. அன்றைக்கு மட்டும் ட்யூட்டியை மாற்றிக் கேட்டு வாங்கியிருந்தார் என்று டிப்போவில் பிறகு சொன்னார்கள். அவரிடம் கேட்டால் ஒப்புக்கொள்ள மாட்டார்.

போர்டும் பஸ்ஸும் சேர்ந்து படத்தில் விழ வேண்டும் என்று நான் கொஞ்சம் தள்ளி நின்றிருந்தேன். பஸ் வந்தது. படிக்கட்டில் நின்றிருந்த வேலுச்சாமி என்னைப் பார்த்து, "அங்கன நின்னா நிக்காது அண்ணாச்சி. போர்டுகிட்ட வாங்க" என்றார்.

விசில் ஊதினார். பஸ் போர்டுக்கு நேராக நின்றது. பெண்கள் ஒவ்வொருவராக ஏறினார்கள். வீட்டில் நிறுத்தி வைத்திருந்த அந்த இரண்டு பெண்களும் புத்தகத்தோடு ஏறினார்கள். கடைசியாகச் சண்முகத்தாய்.

"பாஸ்?" என்றார் வேலுச்சாமி.

அவள் அப்பாவைப் பார்த்தாள். சிரிக்காமல் பாஸை எடுத்து நீட்டினாள். அவர் வாங்கிப் பார்த்தார். பெயரைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், கல்லூரியின் பெயரைப் பார்த்தார், மறுபடியும் பெயரைப் பார்த்தார். டிரைவர் ஹாரன் அடித்தார். வேலுச்சாமி பாஸைத் திருப்பிக் கொடுக்கவும் இல்லை, விசிலை வாய்க்குக் கொண்டுபோகவும் இல்லை. கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துக்கொண்டே நின்றார்.

பஸ்ஸுக்குள் இருந்த பெண்கள் எல்லாரும் சேர்ந்து ஒரே குரலில் "ரைட், ரைட்" என்றார்கள். பஸ் கிளம்பியது.